தோற்ற கோழிக்கு ஓட இடம் வேண்டும்

பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் இரண்டு வருடமாக ஐந்து பெட்டையும் ஒரு சேவலும் இருக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தையில் மூன்று வெடைக்கோழிகள் (இளம் பெட்டைகள்) வாங்கி வந்து, அன்று மாலையே பழைய கூண்டில் விட்டிருக்கிறார். மறுநாள் காலையில் திறந்தால் ஒன்றின் கொண்டையில் ரத்தம். இன்னொன்று தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டு, நான்கு நாளாக வெளியே வர மாட்டேன் என்கிறது. மூன்றாவது எப்படியோ சமாளிக்கிறது. பழையதில் ஒரு கறுப்புப் பெட்டைதான் முன்னின்று கொத்துகிறதாம். இந்தச் சண்டை எத்தனை நாளில் நிற்கும், அந்தக் கறுப்பியை விற்றுவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்கிறார்.

நாள் கணக்கு கேட்டாலும், அவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது இதில் நாம் கைவைக்கலாமா, அதன் போக்கில் விட்டுவிடலாமா என்பதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் அவர் கேட்காத ஒன்று, சண்டையைவிடப் பெரியது, அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. சந்தையிலிருந்து வந்த கோழி அன்று மாலையே பழைய கூண்டுக்குள் போயிருக்கிறது. அதைச் சொல்லாமல் சண்டையை மட்டும் பேசினால் பாதிப் பதில்தான்.

நான் கால்நடை ஆய்வாளராகத் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற இந்த இரண்டு மாவட்டங்களிலும் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருத்துவர் அல்ல. தடுப்பூசி போட்டதும், வீடு வீடாகப் போய்க் கோழி பார்த்ததும்தான் என் அனுபவம். இப்போது காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்கள் மாந்தோப்பில் இருபது இருபத்தைந்து நாட்டுக்கோழிகள் வைத்திருக்கிறோம். அவற்றைக் கவனிப்பது பெரும்பாலும் என் மனைவி. கீழே சொல்வதில் பாதி அவரிடம் கற்றது.

முதலில் சண்டை. கோழிக்கூட்டம் என்பது சும்மா சேர்ந்து மேயும் கும்பல் இல்லை. யார் முதலில் தின்பது, யார் எந்தக் கம்பில் உட்காருவது, யார் யாரைக் கொத்தலாம் என்று அதற்குள் ஒரு வரிசை இருக்கிறது. நார்வே நாட்டில் தோர்லெய்ஃப் ஷெல்டெருப்-எப்பே என்பவர் சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறித்துவைத்து, 1922இல் இதை ஆராய்ச்சியாக வெளியிட்டார். நம் பாட்டிமார்களுக்கு அவர் பெயர் தெரியாது. ஆனால் எந்த வீட்டிலும், “இதுதான் மூத்தது, இதுக்கு அடுத்து அது” என்று சொல்லத் தெரியும். அந்த வரிசை முடிவாகியிருக்கும் வரை வீட்டில் அமைதி. மேலே இருப்பது ஒரு பார்வை பார்த்தால் போதும், கீழே இருப்பது விலகிவிடும். கொத்து விழவே தேவையில்லை. புதிதாக ஒன்று வரும்போது அதற்கு வரிசையில் இடமே இல்லை. அந்த இடத்தை முடிவுசெய்யத்தான் சண்டை. அதனால் சண்டை நடப்பது நோயும் அல்ல, அந்தக் கறுப்பியின் கெட்ட குணமும் அல்ல.

இதில் உறுதியாகத் தெரிந்த ஒரு விஷயம், கோழிகள் ஒன்றையொன்று முக்கியமாகத் தலையை வைத்து அடையாளம் காண்கின்றன என்பது. கொண்டை, தாடி, கழுத்து, முகம் இவைதான் அவற்றுக்கு முகவரி. கொண்டை அடிபட்டு உருவம் மாறிய கோழியை அதன் சொந்தக் கூட்டமே புதுக்கோழி போல நடத்துவதைப் பார்த்திருக்கிறேன். ஞாபகமும் நீண்ட நாள் நிற்பதில்லை. சில வாரம் கண்ணில் படாமல் இருந்தால் மறந்துவிடும். என் தங்கை வீட்டில் அடைக்கு வைக்கக் கொடுத்த பெட்டையை ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தபோது, அதோடு பிறந்து வளர்ந்த கோழிகளே அதை அடித்தன. காயம்பட்ட கோழியைத் தனியே எடுக்கும்போது கண்ணுக்கு மறைவாகக் கொண்டுபோய் வைக்காதீர்கள் என்று நான் பின்னால் சொல்லப்போவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டு பெட்டைகள் சண்டை போடுவதை ஒருமுறை பொறுமையாக உட்கார்ந்து பாருங்கள். கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு நேருக்கு நேர் நிற்கும். எகிறும், கொண்டையைப் பிடிக்கும். கொஞ்ச நேரத்தில் ஒன்று தலையைத் தாழ்த்தி, உடம்பைக் குறுக்கி, திரும்பி ஓடும். ஓடிவிட்டால் முடிந்தது. ஜெயித்தது நாலடி துரத்திவிட்டு மேயப் போய்விடும். இங்கேதான் முக்கியமான இடம் இருக்கிறது. தோற்றது ஓட வேண்டும், ஜெயித்ததன் கண்ணிலிருந்து மறைய வேண்டும். மூடிய கூண்டுக்குள் அது எங்கே ஓடும்? மூலையில் போய் முட்டி நிற்கும். அடிப்பவளுக்கு, “இவள் இன்னும் எதிரே நிற்கிறாள்” என்றுதான் தெரியும். அதனால் கொத்து நிற்காது. இத்தனை வருடத்தில் கொத்துப்பட்டுச் செத்த கோழி என்று நான் பார்த்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே மூடிய இடத்தில் செத்தவை. திறந்த தோட்டத்தில் கொத்துப்பட்டுச் செத்தது மிக அபூர்வம். தம்பி, உங்கள் கோழிகள் திங்கட்கிழமை விடிந்த நேரத்திலிருந்து நீங்கள் கூண்டைத் திறக்கும் வரை ஒரே கூண்டுக்குள் இருந்திருக்கின்றன. கொண்டையில் ரத்தம் வந்தது அப்போதாகத்தான் இருக்கும்.

ஆகவே நம் வேலை சண்டையை நிறுத்துவது இல்லை. நிறுத்தவும் முடியாது. குச்சியை எடுத்துக்கொண்டு கறுப்பியைத் துரத்தினால் நீங்கள் உள்ளே போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். தோற்றதுக்கு ஓட இடம், மறைய இடம், மறைந்த இடத்திலேயே தீனி, தண்ணீர். இந்த மூன்றையும் செய்துவிட்டால் மிச்சத்தை அவை பார்த்துக்கொள்ளும்.

மறைவு என்றால் பெரிய கட்டுமானம் எதுவும் வேண்டாம். சுவரில் சாய்த்து வைத்த பழைய தட்டி, தென்னை ஓலை, இரண்டு பக்கமும் திறந்திருக்கும்படி படுக்கவைத்த டிரம், கல் மேல் வைத்த பலகை போதும். ஒரு வழி மட்டும் உள்ளதாக இருக்கக் கூடாது. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். உங்கள் தண்ணீர்த் தொட்டி மூன்று பக்கம் சுவராக இருந்தால் அது மறைவிடம் அல்ல, பொறி. தீனியை மூன்று இடத்தில் வையுங்கள். ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி, வீட்டு முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தொட்டிக்கு அப்பால் ஒன்று. கறுப்பி ஒரே நேரத்தில் மூன்று இடத்துக்குக் காவல் நிற்க முடியாது. தண்ணீருக்கும் இதே கணக்கு. நம் பக்கத்து சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பக்கம் போக விடாமல் துரத்தப்பட்ட கோழி, காயத்தால் சாவதற்கு முன்னால் தாகத்தால் சாகும். முடிந்தவரை கடும் வெயில் மாதங்களில் புதுக்கோழி சேர்ப்பதையே தள்ளிப்போடுங்கள்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். நேரடிச் சண்டை பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடங்கும். துரத்துவதும், தீனியிடம் வந்தால் ஒரு கொத்து கொத்துவதும் ஒன்றிரண்டு வாரம் இருக்கும். புதுக்கோழிகள் தனிக்கூட்டமாகவே மேய்ந்து, தனியாகவே அடையும் காலம் ஒரு மாதம்கூட நீளலாம். அதற்குக் கவலைப்படாதீர்கள். இந்த நாள்கள் நான் பார்த்ததிலிருந்து சொல்வது. இனம், இடம், வயது பொறுத்து மாறும். பெரிய உடம்பு நாட்டுக்கோழியான பெருவிடையும், சண்டைக்கோழி இனமான அசில் கலந்ததும் இருந்தால் சண்டை கடுமையாகவும் நீளமாகவும் இருக்கும். சின்ன உடம்புள்ள சிறுவிடை சீக்கிரம் அடங்கும். இந்த நாள்களில் பழையவை முட்டையை நிறுத்திவிடுவது சாதாரணம். கூட்டம் அமைதியானதும் திரும்ப இடும்.

கறுப்பியை விற்க வேண்டாம். அது வரிசையில் முதலில் இருப்பது. அதை எடுத்துவிட்டால் இரண்டாவது அந்த இடத்துக்கு வரும். புதுசுகளோடு சேர்ந்து பழையதிலும் வரிசை கலையும், சண்டை கூடும். ஆனால் ஒரு கோழி அடிப்பதை நிறுத்தாமல் வேலையாகவே வைத்திருந்தால், அடிபடுவதை அல்ல, அடிப்பதைப் பிடித்து மூன்று நான்கு நாள் வேறு இடத்தில் வையுங்கள். திரும்பி வரும்போது அதற்குத்தான் கொஞ்சம் தயக்கம் இருக்கும். அதற்குள் புதுசு இடத்தைப் பழகியிருக்கும். இது என் கையில் பாதிக்கு மேல் பலித்திருக்கிறது. பலிக்காமலும் போயிருக்கிறது. கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஒன்று மட்டும் வாங்காமல் மூன்றாக வாங்கியது நல்ல காரியம். ஒற்றையாக வரும் கோழி எல்லாருடைய கொத்தையும் தனியாக வாங்கும். மூன்றாக வந்தால் கொத்தும் பிரியும், பயந்த நேரத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் செய்யும். வயதும் உடல் அளவும் பழையதுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்று மாதக் குஞ்சைப் பெரிய கோழிகளோடு விடுவது சரியில்லை. முட்டைக்கோழித் தீவனம் மூட்டையாக வாங்கிப் போடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதில் ஓட்டுக்காகச் சுண்ணாம்புச்சத்து நிறைய சேர்த்திருப்பார்கள், வளரும் குஞ்சின் சிறுநீரகத்துக்கு அது ஆகாது. முட்டைப் பண்ணைகளில் கழித்துவிட்ட வெள்ளைக்கோழிகளைக் குறைந்த விலைக்கு வாங்கி நாட்டுக்கோழிகளோடு விடுகிறவர்களும் உண்டு. அவற்றுக்கு அலகு நுனியை வெட்டியிருப்பார்கள். கம்பில் ஏறவும் பழக்கமில்லை, பருந்து நிழலைப் பார்த்தால் பதுங்கவும் தெரியாது. திருப்பிக் கொத்த முடியாத கோழியை நம் பெருவிடைகளுக்கு நடுவில் விடுவது பாவம் என்றே நான் நினைக்கிறேன். ஏற்கெனவே சேவல் இருக்கும் வீட்டில் இரண்டாவது பெரிய சேவலைச் சேர்ப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பெட்டைச் சண்டை இடத்துக்கு, சேவல் சண்டை உயிருக்கு. எட்டுப் பெட்டைக்கு ஒரு சேவல் தாராளமாகப் போதும்.

இப்போது கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கல்யாணமான புதிதில் வீட்டில் 17 கோழிகள் இருந்தன. ஒரு சந்தையில் நல்ல நிறத்தில் இரண்டு பெட்டைகளைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வந்தேன். பார்க்க அவ்வளவு சுறுசுறுப்பு. அன்று இரவே மற்றதோடு அடைத்தேன். ஆறாம் நாள் அதில் ஒன்று இறக்கையைத் தொங்கவிட்டு நின்றது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. அடுத்த எட்டு நாளில் வீட்டுக் கோழியில் 14 செத்தன. மிஞ்சிய மூன்றில் ஒன்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டு கடைசி வரை நேராகவில்லை. அந்த வருடம் நான் சுற்று வட்டார ஊர்களுக்கெல்லாம் தடுப்பூசி போட்டவன். என் வீட்டுக் கோழிக்குப் போட மறந்திருந்தேன். என் அம்மா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பின்கட்டில் குழி தோண்டித் தோண்டி மூடினோம். அதனால்தான் புதுக்கோழி என்று யார் கேட்டாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

அது வெள்ளைக் கழிச்சல். புத்தகத்தில் ராணிக்கெட் நோய். 1920களின் இறுதியில் இன்று உத்தராகண்டில் உள்ள ராணிக்கேத் என்ற மலையூரில் கண்டறிந்ததால் நம் நாட்டில் அந்தப் பெயர். வைரஸ் நோய் என்பதால் வந்தபின் மருந்தில்லை. கிருமி உடம்புக்குள் போனபின் நோய் வெளியே தெரிய பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகும், இரண்டு நாளிலும் தெரியலாம், பதினைந்து நாளும் ஆகலாம். அதாவது நீங்கள் வாங்கும்போது துள்ளிக்கொண்டிருந்தது என்பதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. இதில் சந்தையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐம்பது ஊர்க் கோழிகள் காலைக் கட்டி ஒரே தரையில் அரை நாள் கிடந்தால், போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமையானாலும் குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமையானாலும் ஒன்றின் எச்சமும் மூச்சும் மற்றதற்குப் போகத்தான் செய்யும்.

அதனால் புதுக்கோழிக்கு 21 நாள் தனியிடம். அடைவைத்த முட்டை பொரிகிற கணக்கேதான், மறக்காது. பழைய கோழிகள் மேயாத பக்கம், காற்று அங்கிருந்து இங்கே அடிக்காத பக்கம் ஒரு பெரிய பஞ்சாரமோ (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை, எங்கள் பக்கம் சிலர் குடாப்பு என்பார்கள்) வலையடித்த மூலையோ போதும். முதலில் பழையதுக்குத் தீனி போட்டுவிட்டு, கடைசியாகப் புதுசிடம் போங்கள். திரும்பி வரும்போது கை கால் கழுவுங்கள். அந்தப் பக்கத்துக்கு ஒரு பழைய செருப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எச்சம் ஒட்டிய செருப்புதான் பெரும்பாலும் நோயை வீட்டுக்குள் சுமந்து வருகிறது. முதல் நாள் தூக்கிப் பார்க்கும்போது இறக்கைக்கு அடியிலும் பின்புறத்திலும் மயிரை விலக்கிச் செள், பேன் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மருந்து ஒருமுறை போட்டால் போதாது. முட்டையிலிருந்து வருவதைப் பிடிக்க ஒரு வாரம், பத்து நாள் கழித்து இன்னொரு முறை போட வேண்டும். சாம்பலும் புழுதியும் கலந்து குழியில் போட்டு வைத்தால் தானாகக் குளித்துக்கொள்ளும். அது உதவி, மருந்துக்குப் பதில் அல்ல. முதல் வாரத்திலேயே குடற்புழு மருந்து கொடுத்துவிட்டு, அதற்கு ஒரு வாரம் கழித்துத் தடுப்பூசி போடுவது நாங்கள் கடைப்பிடித்த முறை.

கழிச்சலுக்குக் குஞ்சாக இருக்கும்போது ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டு வாரத்துக்கு மேல் ஆர்2பி ஊசி இறக்கைக்கு அடியில். ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, இரண்டு வாரம் கொடுங்கள். சந்தைக்காரர், “எல்லா ஊசியும் போட்டாச்சு” என்று சொன்னால் நல்லது என்று கேட்டுக்கொண்டு, போடாததாகவே வைத்துக்கொள்ளுங்கள். நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. மருந்துக் குப்பி 100, 200 கோழிக்கு வரும். கரைத்துவிட்டால் குளிர்ச்சியில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒன்பது கோழிக்கு ஒரு குப்பி உடைப்பது வீண் என்று தோன்றும். தெருவில் கோழி வைத்திருக்கும் எல்லாரையும் ஒரே நாள் சேர்த்து, உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பக்கத்து வீட்டுக் கோழிக்கும் போட்டால்தான் உங்கள் கோழிக்கு முழுப் பாதுகாப்பு. வழக்கமாக பிப்ரவரி மாதம் கால்நடைப் பராமரிப்புத் துறையே இருவார முகாம் நடத்தி நாட்டுக்கோழிகளுக்கு இலவசமாகப் போடுகிறது. அதைத் தவற விடாதீர்கள்.

21 நாள் தனியே வைத்தால் எல்லா நோயும் தெரிந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். சளி நோய் சிலது குணமானபின்னும் கோழிக்குள் ஒளிந்திருக்கும், வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் மற்றதற்குப் பரவும். ரத்தக் கழிச்சல் கிருமியும் அப்படித்தான், பெரிய கோழி சும்மா சுமந்துகொண்டு திரியும், ஈரத்தரையில் குஞ்சுகளைக் கொல்லும். அதனால் முகம் வீங்கி, மூக்கில் நீர் வடிந்து, பிறகு சரியாகிவிட்ட கோழியை நான் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. மனதுக்குக் கஷ்டமாக இருந்தாலும் அதுதான் என் வழக்கம்.

உங்கள் விஷயத்தில் கோழிகள் ஏற்கெனவே ஒன்றாகிவிட்டன. இப்போது புதுசை மட்டும் 21 நாள் தள்ளி வைத்தால் நோய் விஷயத்தில் பெரிய பலன் இல்லை. ஒரே கூண்டில் ஓர் இரவு போதும். மொத்தக் கூட்டத்தையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, வாங்கிய நாளிலிருந்து 21 நாள் எதையும் விற்கவோ, உறவுக்காரருக்குக் கொடுக்கவோ, அடைக்கு அனுப்பவோ செய்யாதீர்கள். தினமும் காலையில் கூண்டைத் திறந்ததும் எச்சத்தைப் பாருங்கள். ஒன்று சோர்ந்து நின்றாலும், பச்சையாகக் கழிந்தாலும், வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும் அன்றே மருந்தகத்துக்குப் போங்கள். பழையதுக்குத் தடுப்பூசி எப்போது போட்டது, இப்போது போடலாமா, 21 நாள் கழித்தா என்பதை மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். கோழியைப் பார்க்காமல் அதை நான் இங்கிருந்து சொல்வது முறையல்ல.

அடுத்த முறை கோழி வாங்கினால் என்ன வரிசையில் செய்வது என்று சொல்லிவிடுகிறேன். 21 நாள் தனியிடம் முடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கிப் பழைய கோழிகள் மேயும் வாசலுக்கே கொண்டுவந்து வையுங்கள், அல்லது பழைய மீன் வலையாலோ கம்பி வலையாலோ ஒரு பகுதியைத் தடுங்கள். பார்க்கலாம், தொட முடியாது. அப்படி ஒரு வாரம், பத்து நாள். தீனியை வலைக்கு இரண்டு பக்கமும் ஒட்டிப் போட்டால் முதல் இரண்டு நாள் வலை வழியாகவே கொத்த வரும். நாலாம் நாள் தலைக்குத் தலை பக்கத்தில் தின்னும். எல்லாம் வலையைக் கண்டுகொள்ளாமல் படுத்துப் புழுதி குளிக்கத் தொடங்கிவிட்டால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வலையை எடுக்கும் நாள், அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், திறந்த வெளியில் விடுங்கள். அந்த நேரம் எல்லாவற்றுக்கும் வயிற்றை நிரப்பிக்கொண்டு கம்பில் ஏறும் அவசரம் இருக்கும், சண்டைக்கு நேரம் குறைவு. அன்று தரையில் நிறையத் தூவுங்கள். கேழ்வரகு, கம்பு, சாமை எதுவானாலும் குவிக்காமல் அகலமாக இறையுங்கள். என் மனைவி அன்றைக்கென்று கரையான் வைப்பார். ஒரு பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டுகளைப் போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் முதல் நாள் மாலை கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். அதை மூடி வைத்திருந்து மாலையில் கொட்டினால் கறுப்பியானாலும் வெள்ளையானாலும் தலையைத் தூக்கிப் பார்க்க நேரம் இருக்காது.

இரவில் புதுக்கோழியைக் கம்பில் ஏற்றி வைத்துவிட்டால் காலையில் பழையதாகவே எழுந்திருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். இது பாதி உண்மை. கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது, அதனால் அன்று இரவு சண்டை இராது. புதுசுக்கும் இதுதான் நம் அடையும் இடம் என்று பழகிவிடும். ஆனால் விடிந்ததும் முகம் தெரியும். உங்கள் வீட்டில் நடந்தது போல, நாம் எழுந்து திறக்கும் முன் கூண்டுக்குள் அடி விழும். வலைப்பழக்கம் முடிந்தபின் இரவில் ஏற்றுங்கள், விடிவதற்கு முன் நீங்களே எழுந்து கூண்டைத் திறந்துவிடுங்கள். கம்பில் ஒரு கோழிக்கு ஒரு சாண் இடமாவது கணக்கு வையுங்கள். கூண்டுத் தரை கோழிக்கு இரண்டு சதுர அடி. எல்லாக் கோழிக்கும் வேப்பெண்ணெய் தடவினால் வாடை ஒன்றாகி அடித்துக்கொள்ளாது என்பதும் பலர் சொல்வது. கோழி முகத்தைப் பார்த்து ஆள் பிடிப்பது, வாடையால் அது மாறும் என்று நான் நம்பவில்லை. செய்தாலும் கெடுதல் இல்லை. காலில் கயிறு கட்டி முளையடித்து நாலு நாள் விடும் பழக்கத்தை மட்டும் பழைய கோழிகள் இருக்கும் வீட்டில் தயவுசெய்து செய்யாதீர்கள். ஊர் பழகுவதற்காகச் செய்வது அது. அடிக்க வருபவர்களுக்கு முன்னால் கட்டிப்போடுவதாக முடியும்.

இத்தனை சிரமமும் வேண்டாம் என்றால் பழைய வழி ஒன்று இருக்கிறது, எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அதுதான். உங்கள் ஐந்தில் ஒன்று அடைக்கு உட்காரும் காலம் வரும். அதற்கு நல்ல இடத்திலிருந்து முட்டை வாங்கி வையுங்கள், அல்லது அது குஞ்சு பொரிக்கும் நாளில் ஒரு நாள், இரண்டு நாள் குஞ்சுகளை வாங்கி இரவில் அதன் இறக்கைக்குள் தள்ளிவிடுங்கள். பெரும்பாலான அடைக்கோழி தன் குஞ்சாகவே எடுத்துக்கொள்ளும். காலையில் ஏற்காமல் கொத்துகிறதா என்று மட்டும் பக்கத்தில் இருந்து பாருங்கள். ஒன்றரை, இரண்டு மாதம் தாய் அதைக் காக்கும். தாய் கூட இருக்கும்போது கறுப்பிகூட அருகில் வராது. அந்தக் குஞ்சுகள் கூட்டத்துக்குள்ளேயே வளர்ந்து, கீழ்ப்படியிலிருந்து மெதுவாக ஏறும். நான் சொன்ன வலையும் மறைவும் எதுவும் அதற்குத் தேவைப்படாது. இந்த முறையைக் கற்றுக்கொள்ள, நல்ல ரகக் குஞ்சுக்கு விசாரிக்க, உங்களுக்குப் பக்கத்தில் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஓசூர் பக்கத்தினருக்கு மத்திகிரியில் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது.

இன்றைக்குச் செய்ய வேண்டியது இரண்டு. கொண்டையில் ரத்தம் வந்த கோழியை முதலில் எடுங்கள். சிவப்பு தெரிந்தால் மற்றவை அங்கேயே திரும்பத் திரும்பக் கொத்தும், சண்டையாக இருந்தது கறி தின்பதாக மாறிவிடும். காயத்தைச் சுத்தமான தண்ணீரில் கழுவி, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துக் கனமாகப் பூசுங்கள், நிறமும் மறையும், ஈயும் உட்காராது. பஞ்சாரத்தால் மூடி மற்றவை மேயும் இடத்திலேயே நிழலில் வையுங்கள். சமாளிக்கிற அந்த மூன்றாவதையும் கூடவே உள்ளே விட்டால் துணையாக இருக்கும். பொருக்கு உதிரும் வரை அங்கேயே இருக்கட்டும்.

தொட்டிக்குக் கீழே இருப்பதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. இன்று மாலை இருட்டும் நேரத்தில் மெதுவாகப் பிடித்து, கழுத்துக்குக் கீழே வலப்பக்கமாக நெஞ்சுக்கு மேலே இருக்கும் இரைப்பையைத் தடவிப் பாருங்கள். ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு நிறைந்திருந்தால் உங்களுக்குத் தெரியாமல் எங்கோ தின்கிறது, பயப்பட வேண்டாம், தொட்டிப் பக்கமே ஒரு தட்டுத் தீனியும் தண்ணீரும் வைத்தால் போதும். பை காலியாகத் தொங்கி, நெஞ்செலும்பு கத்தி முனை போலக் கைக்குத் தட்டுப்பட்டால் இன்று இரவே அதையும் பஞ்சாரத்துக்குள் மற்ற இரண்டோடு சேருங்கள். தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்து முதலில் அதைக் குடிக்க விட்டு, அப்புறம் ஆறிய கேழ்வரகுக் களியைச் சிறு உருண்டையாக உதிர்த்து வையுங்கள். நாளைக் காலை தின்றிருக்கிறதா, எச்சம் என்ன நிறம் என்று பார்த்து எழுதுங்கள்.